பொமோனாவில் முடிந்த நெடுங்காத்திருப்பு: 2023 டிராக் பந்தய சீசன் குறித்த மதிப்பீடு

இரண்டு வண்டிகள் நேரான தடத்தில் அருகருகே சீறிப் பாயும் டிராக் (drag) பந்தயத்தில், நான்கு நொடிக்குள் முடிந்துவிடும் ஓர் ஓட்டத்துக்காக எட்டு மாத சீசனைப் பின்தொடரலாமா, அதற்கென்று பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு, அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம் நடத்திய 2023ஆம் ஆண்டு சீசனைத்தான் பதிலாகக் காட்டுகிறேன். மார்ச் மாதம் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் தொடங்கி, 21 போட்டிகளைக் கடந்து, நவம்பர் 12ஆம் நாள் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் அது முடிந்தது. பெரும்பாலான போட்டிகளை இணையத்தில் பார்த்தேன். கடைசிப் போட்டிக்கு மட்டும் நேரில் சென்றேன். சென்றிருக்காவிட்டால் இந்த விளையாட்டின் பாதியைப் பார்க்காமலே அதன் ரசிகன் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

அந்தப் பாதி, பந்தயத் தடத்துக்குப் பின்னால் இருக்கிறது. இந்தப் போட்டிகளில் எந்த விலையில் சீட்டு வாங்கினாலும், அணிகள் வண்டிகளைப் பிரித்து மாட்டும் பிட் பகுதிக்குள் செல்லும் உரிமை அதிலேயே அடங்கிவிடுகிறது. மற்ற பெரிய பந்தயங்களில் தனியே பெருந்தொகை கொடுத்தால்தான் நெருங்க முடிகிற இடம் அது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே கிடைக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் ஹெட்டுகளைக் கழற்றி, பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் சோதித்து மாற்றி, கிளட்ச் தட்டுகளைப் புதிதாக அடுக்கி, எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்துவிடுகிறார்கள். நான் கயிற்றுக்கு இப்பால் நின்ற இடத்தில், ஓர் இளைஞர் கிராங்க் ஷாஃப்டிலிருந்து எடுத்த பேரிங்குகளை வரிசை குலையாமல் ஒரு துணியின்மேல் பரப்பினார். மூத்த மெக்கானிக் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஐந்தாவதை மட்டும் தனியே தள்ளிவைத்தார். எந்தச் சிலிண்டர் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்பதை அந்தத் தேய்மானத்திலேயே அவர்கள் படித்துவிடுகிறார்கள். பிறகு எஞ்சினை இயக்கிப் பார்த்தபோது நைட்ரோமீத்தேன் எரிபொருளின் புகையில் எல்லோருக்கும் கண்ணீர் பெருகியது. ஆனால் ஒருவரும் நகரவில்லை.

டாப் ஃபியூயல் என்னும் உச்சப் பிரிவின் வண்டிகள் 8.2 லிட்டர் எஞ்சினில் ஏறத்தாழ 11,000 குதிரைத்திறனை எழுப்பி, ஒரே ஓட்டத்தில் 50 லிட்டருக்கும் மேல் எரிபொருளைக் குடித்து, மணிக்கு 530 கிலோமீட்டரைத் தொடுகின்றன. இந்த எண்களை எங்கும் படிக்கலாம். எந்தத் திரையாலும் தர முடியாதது, பச்சை விளக்கு எரியும் கணத்தில் இருக்கையின் அலுமினியம் தொடைக்குக் கீழே நடுங்குவதும், ஒலி காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டைத் தாக்குவதும்தான்.

ஆனால் பந்தயத்தைப் புரிந்துகொள்ள நேரலையே உதவியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இருசக்கர வண்டிகளின் டிராக் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தொடக்க விளக்குக் கம்பம் பழக்கமானதே. இந்த அமெரிக்கப் போட்டிகளில் மஞ்சள் விளக்குகள் மூன்றும் ஒன்றாக மின்னி, 0.4 நொடி கழித்துப் பச்சை வருகிறது. பச்சைக்குப் பின் ஓட்டுநர் எவ்வளவு நேரத்தில் கிளம்பினார் என்பது தனியாக அளக்கப்படுகிறது. முந்திக்கொண்டால் சிவப்பு விளக்கு எரிந்து அங்கேயே தோல்வி. ஒருவர் 0.05 நொடியில் கிளம்பி 3.72 நொடியில் ஓடி முடிக்க, எதிரி 0.09 நொடியில் கிளம்பி 3.70 நொடியில் முடித்தால், வேகமான வண்டியை வைத்திருந்த இரண்டாமவர்தான் தோற்கிறார். இருக்கையிலிருந்து பார்ப்பவருக்கு இது புரிபடுவதேயில்லை. திரையில் அந்த எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றபோதுதான், கணக்கற்ற பணமும் உழைப்பும் கொட்டிய வண்டியைக் கடைசியில் ஒரு மனிதரின் கால் எப்படி வெல்லவோ தோற்கவோ வைக்கிறது என்பதை உணர்ந்தேன்.

இந்த சீசனை மற்ற சீசன்களிலிருந்து பிரித்து நிறுத்துபவர் டக் கலிட்டா. 1998 முதல் டாப் ஃபியூயல் ஓட்டிவந்த அவருக்கு, 59 வயது வரை ஒரு சாம்பியன் பட்டம்கூட வாய்க்கவில்லை. 2006இல் இதே பொமோனாவில் பட்டம் அவர் கைக்கு எட்டியிருந்தது. அவரைத் தாண்ட வேண்டுமானால் டோனி ஷூமேக்கர் கடைசிச் சுற்றை வெல்வதோடு தேசிய சாதனையையும் அதே ஓட்டத்தில் படைத்தாக வேண்டும், ஷூமேக்கர் 4.428 நொடியில் ஓடி இரண்டையும் செய்து, 14 புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துச் சென்றார். அன்று ஷூமேக்கரின் வண்டியைத் தயார் செய்த ஆலன் ஜான்சன்தான், 17 ஆண்டுகளுக்குப் பிறகு அதே தடத்தில் கலிட்டாவின் வண்டியைத் தயார் செய்தார். இறுதிச் சுற்றில் லியா புரூயட்டை எதிர்கொண்டபோது, அந்த ஓட்டத்தில் வெல்பவருக்கே பட்டம் என்ற நிலை. கலிட்டா வென்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் எழவேயில்லை.

தடத்தின் நீளத்திலேயே கலிட்டா குடும்பத்தின் இழப்பு ஒன்று பதிந்திருக்கிறது. 2008 ஜூனில் நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுன் தடத்தில் டக்கின் ஒன்றுவிட்ட சகோதரர் ஸ்காட் கலிட்டா உயிரிழந்த பிறகுதான், நைட்ரோமீத்தேனில் ஓடும் வண்டிகளின் ஓட்டம் 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. அது தெரிந்தவர்களுக்கு இந்த வெற்றி வெறும் கோப்பையாகத் தோன்றியிருக்காது.

மற்ற பிரிவுகளில் மேட் ஹேகனுக்கு ஃபன்னி கார் பட்டம் நான்காவது முறையாகவும், எரிக்கா எண்டர்ஸுக்கு ப்ரோ ஸ்டாக் பட்டம் ஆறாவது முறையாகவும் கிடைத்தன. மோட்டார் சைக்கிள் பிரிவில் கெய்ஜ் ஹெரேரா 11 போட்டிகளை வென்று எதிரிகளே இல்லாதவர்போல ஓடினார். ஓட்டத் திறமைக்காக அதை எத்தனை முறையும் பார்க்கலாம். போட்டி விறுவிறுப்பை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். கொலராடோ மலைச்சரிவில் 1958 முதல் ஒரே குடும்பம் நடத்திவந்த பாண்டிமியர் தடத்தில் இந்த சீசனோடு பந்தயங்கள் நின்றுபோயின. ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின்கள் திணறும் அந்தத் தடம், மெக்கானிக்குகளின் அறிவை வேறெங்கும் இல்லாதபடி சோதித்தது. அதற்கு மாற்று ஏதும் எனக்குத் தெரியவில்லை.

குறை என்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது புள்ளி முறையைத்தான். 2023இல் 15 போட்டிகள் முடிந்ததும் முன்னணியினரின் புள்ளிகளை அருகருகே கொண்டுவந்து வைத்து, கடைசி ஆறு போட்டிகளில் பட்டத்தை முடிவு செய்த கவுண்ட்டவுன் முறை முதலில் 2007இல் வந்தது. கடைசி நாள் வரை பரபரப்பு வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் அந்த 2006 ஓட்டம் பழைய முறையில்தானே கடைசிச் சுற்றுவரை சென்றது! மார்ச் முதல் செப்டம்பர் வரை ஊர் ஊராக அலைந்து சேர்த்த முன்னிலையை ஒரே நாளில் கரைப்பது, சீசன் முழுவதையும் பணம் கொடுத்துப் பார்ப்பவருக்குச் செய்யும் நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. எஞ்சின் வெடித்துத் தடத்தில் எண்ணெய் கொட்டினால் சுத்தம் செய்ய ஆகும் நேரமும் பொறுமையைச் சோதிக்கும். அது தவிர்க்க முடியாதது. அந்த நேரத்தில் எழுந்து பிட் பகுதிக்குச் சென்றுவிடுவது நல்லது.

நேரில் செல்பவர்கள் காதுக்குள் வைக்கும் பஞ்சடைப்பான், அதற்கு மேல் மாட்டும் காதுறை ஆகிய இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகளை அவை இல்லாமல் அழைத்துச் செல்லவே வேண்டாம். முதல் சுற்றைத் தொடக்கக் கோட்டுக்கு அருகிலிருந்து பாருங்கள். பின்னர் தடத்தின் நடுப்பகுதியில் மேல்வரிசைக்கு மாறினால் யார் முந்துகிறார் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றுக்கு முன் ரசிகர்களைத் தடத்தின் மேலேயே நடக்க விடுகிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள், ஆனால் செருப்பு வேண்டாம். கயிறு கட்டும் காலணியைப் போட்டுச் செல்லுங்கள். டயர் பிடிப்புக்காகப் பூசிய பசை அவ்வளவு கெட்டியானது: அடுத்த அடி எடுத்துவைக்கையில் எனக்கு முன்னால் நடந்த சிறுமியின் ஒரு செருப்பு தடத்திலேயே நின்றுவிட்டது.