அத்தையோடு பார்த்த பாக்கியலட்சுமி: ஐந்து வருட அனுபவம்

2020 ஜூலைக் கடைசியில் தொடங்கி 2025 ஆகஸ்டில் முடிந்த நாடகம். 1,400 எபிசோடுக்கு மேல். அதில் நான் முழுசாகப் பார்த்தது ஆயிரம் இருக்கும், மிச்சத்தை அத்தை வாயால் கேட்டேன். அத்தை என்றால் என் மாமியார். ஆக, இது ஒரு மருமகள் தன் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் நாடகம் பார்த்த கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, தனியாகப் பார்க்கிறவருக்கு இந்த நாடகம் வேறு மாதிரி இருக்கும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடித்தபோது கிடைத்த காசில் மாமா வாங்கிய வீடு. இரண்டு அறை, ஒரு ஹால். 2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, ஜூலையில்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். கோயில் திருவிழா கிடையாது, கல்யாண வீடு கிடையாது, அத்தைக்குப் போக்கிடமே இல்லை. சும்மா ஒரு வாரம் பார்ப்போம் என்று உட்கார்ந்தவர் ஐந்து வருஷம் எழுந்திருக்கவில்லை.

பார்க்கும் நேரம்தான் முதல் சூசா, அதாவது தொல்லை. இந்தியாவைவிட நம் கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அங்கே எட்டரை மணி நாடகம் என்றால் இங்கே பதினொன்று. காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவள் அதற்கெல்லாம் முழித்திருக்க முடியாது. மகன் போனை டிவியில் இணைத்துக் கொடுத்தான், மறுநாள் சாயங்காலம் தே ஓ என்கிற பால் இல்லாத டீ குடித்துக்கொண்டே பார்ப்போம். இதில் ஒரு வசதி, தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். ஒருத்தர் அதிர்ச்சியானால் கேமரா வீட்டில் இருக்கிற அத்தனை முகத்துக்கும் மூன்று தடவை போகும். அதையெல்லாம் தள்ளினால் இருபது நிமிஷம் பன்னிரண்டில் முடிந்துவிடும். அத்தைக்கு இது ஆகாது. "மூஞ்சியப் பாக்கத்தானம்மா ஒக்காந்திருக்கேன், நீ எங்க ஓடற?"

கதை தெரியாதவர்களுக்காக: பாக்கியா வீட்டோடு இருக்கும் மருமகள், மூன்று பிள்ளைகளின் அம்மா. பெரியவர்கள் பேச்சுக்காக அவளைக் கட்டிக்கொண்ட கோபி, காலேஜில் காதலித்த ராதிகாவைப் பல வருஷம் கழித்துச் சந்திக்கிறார். இதுதான் முக்கோணம். தமிழுக்கென்று எழுதிய கதையும் இல்லை. 2019-ல் வங்காளத்தில் ஸ்ரீமொயி என்று வந்தது, இந்திக்காரர்களுக்கு அது அனுபமா, மலையாளிகளுக்குக் குடும்பவிளக்கு. கல்கத்தாவில் அழுத அழுகையைத்தான் ஊர் ஊராகச் சேலை மாற்றிக் கட்டி அழுதார்கள்.

முதல் இரண்டு வருஷம் எனக்குத் தொண்டையில் இறங்காத விஷயம் கோபியின் ரகசியம். பாக்கியாவும் ராதிகாவும் தோழிகள், வீட்டு விஷயமெல்லாம் பேசுகிறார்கள். ஆனால் இவள் புருஷனும் அவள் கோபியும் ஒரே ஆள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இந்த ஒரு நூலில்தான் நூற்றுக்கணக்கான எபிசோடு தொங்கியது.

"லயத்துல இருந்திருந்தா ரெண்டு நாள் தாங்குமா?" என்பார் அத்தை.

தாங்காது. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஐந்தாம் வீட்டில் மிளகாய் தாளித்தால் ஏழாம் வீட்டில் தும்முவார்கள். அத்தை கையைத் தலைக்கு மேல் ஒரு முழம் தூக்கி, சுவர் இவ்வளவுதான் என்று காட்டுவார். அவர் சின்ன வயதில் இருந்த லயத்தில், ஆட்களை வேலை வாங்குகிற ஒரு தண்டலுக்கு இரண்டு சம்சாரம், அடுத்தடுத்த கதவு. மறைக்க என்ன இருக்கிறது? விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, இரண்டு பேரும் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாகத்தான் போவார்கள். சண்டை வருஷத்துக்கு ஒரு முறை, மாரியம்மன் திருவிழாவில். தண்டலுக்குக் கொடுக்கிற முதல் மரியாதைத் தேங்காய் மூடியை யார் முந்தானையில் வாங்குவது என்று. பெரியவள்தான் வாங்குவாள். சின்னவள் அன்றைக்கு மட்டும் அடுப்புப் பற்றவைக்கமாட்டாள். தண்டல் பெரிய வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சின்ன வீட்டு வாசலில் பேசாமல் உட்கார்ந்திருப்பாராம்.

அது சட்டம் கண்டுகொள்ளாத காலம். 1976-ல் போட்ட திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ல் அமலுக்கு வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு துணைதான், பதிவும் கட்டாயம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வக்கீல் ஆபிஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். பாக்கியாவுக்கே தெரியாமல் கோபி மணவிலக்குத் தாளில் கையெழுத்து வாங்கியபோது அக்கா எங்கள் ஹாலில் எழுந்து நின்றுவிட்டார். "இங்க ஒருத்தர் மட்டும் கேட்டா, முதல்ல பதிவிலாகாவுல சமரசம் பேச உக்கார வைப்பாங்க. அப்புறம்தான் ஈப்போ ஹைகோர்ட்டு. இவன் என்னமோ மின்சார பில்லு மாதிரி நீட்டறான்!" அவர் போன பிறகு அத்தை சொன்னது: "இவ உள்ள இருந்தா வசனமே கேக்கல."

சரி, இவ்வளவு குறை சொல்கிறவள் ஏன் ஐந்து வருஷம் பார்த்தாய் என்றால், ஈஸ்வரிக்காகத்தான். கோபியின் அம்மா. மகன் செய்தது தப்பு என்று தெரியும், ராதிகாவையும் பிடிக்காது, ஆனாலும் கடைசியில் விரல் பாக்கியா பக்கம்தான் நீளும். குடும்ப மானம், வழிவழியாக வந்த வழக்கம் என்று அவர் பேசும்போதெல்லாம் ஹாலில் ஒரு அமைதி வரும். அத்தையும் நானும் திரும்பிப் பார்த்துக்கொள்ளமாட்டோம். எங்களுக்குள் சொல்லாமல் கிடந்த பலதை அந்த அம்மா டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியா தன் தொழிலுக்கு ஈஸ்வரி மசாலா என்று மாமியார் பெயரை வைத்தபோது மட்டும் அத்தை என்னைப் பார்த்தார். "எம்பேர்ல நீ என்னாத்த வெச்சே?" பூனைக்கு வைக்கிறேன் என்றேன். ஒரு வாரம் பேசவில்லை.

2022-ல் உண்மை வெளிவந்து, பாக்கியா தானே மணவிலக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்ற சில வாரங்கள்தான் நாடகத்தின் உச்சம். அப்போது ஒரு நொடிகூடத் தள்ளவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் இழுத்தது தேவையில்லாத வேலை. மூத்தவன் செழியன், ஜெனி, மாலினி என்று அப்பன் செய்ததையே மகனுக்கும் ஒரு கோணமாக வரைந்தார்கள். அந்த மாதங்களில் நான் துணி மடித்தேன்.

ஆனால் ஒரு வாரம் இருக்கிறது. இளையவன் எழில், அமிர்தா என்ற கைம்பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அவளுக்கு நிலா என்று ஒரு குழந்தை. ஈஸ்வரியின் எதிர்ப்பையெல்லாம் தாண்டிக் கல்யாணம் முடிந்த பிறகு, செத்துப்போனதாக நினைத்த முதல் புருஷன் கணேஷ் உயிரோடு வந்து நிற்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதை தீர்ந்துபோச்சு போல என்றேன். அத்தை சிரிக்கவில்லை, நிறுத்து என்றார். ஐந்து வருஷத்தில் அவராக நிறுத்தச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அத்தையின் அம்மாவுக்கு அக்கா முறை ஒருவர் இருந்தார், லயத்தில் எல்லாருக்கும் பெரியம்மா. 1943-ல் ஜப்பான்காரன் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, கொண்டுபோனபோது பெரியம்மாவின் புருஷனும் போனார். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரமாயிரம் பேர் அந்தத் தண்டவாளத்து ஓரத்திலேயே மண்ணாகிப் போனார்கள். தப்பி வந்த ஒருவர், உன் வீட்டுக்காரனும் போய்விட்டான் என்று சொல்ல, பெரியம்மா தாலியைக் கழற்றிவிட்டார். கையில் இரண்டு பிள்ளை. அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். அடுத்த கதவுக்காரர் அவித்த கிழங்கைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் அவரும் இந்தக் கதவுக்கே வந்துவிட்டார். 1946-ல் ஒரு நாள், ரப்பர் பால் நிறுக்கிற நேரம், எலும்பும் தோலுமாக முதல் புருஷன் ஸ்டோர் வாசலில் நிற்கிறார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. யாரும் ஒண்ணும் பேசல. பெரியம்மா ரெண்டு தட்டுல சோறு போட்டா, ரெண்டு ஆம்பளையும் சாப்புட்டாங்க. ராத்திரி மொதப் புருஷன், புள்ளைங்களப் பாத்துக்கிற ஆயாக் கொட்டாயில படுத்தாரு. மறுநா வேற தோட்டத்துல பேர் பதிஞ்சுக்கப் போயிட்டாரு. மாசாமாசம் சம்பளத்தன்னைக்குப் புள்ளைங்களப் பாக்க வருவாரு. புள்ளைங்க வளந்தப்புறமும் வந்தாரு, நானே பாத்திருக்கேன். ஒரு டின்னு பிஸ்கட்டு கொண்டாருவாரு. திண்ணையோட சரி, உள்ள வரமாட்டாரு."

நாடகத்தில் கணேஷ் அப்படித் திண்ணையில் உட்காரவே இல்லை. தொந்தரவு கொடுக்கிறவனாகவே ஆக்கிவிட்டார்கள், நியாயம் எழில் பக்கம் சுலபமாகச் சாய வேண்டும் என்று. ஒரு தப்பும் செய்யாத மூன்று பேர் ஒரு வாசலில் நிற்பதை அவர்களுக்கு எழுத வரவில்லை. கூச்சலும் பின்னணி இசையும் போட்டு அதைக் கடந்துபோனார்கள். இந்த நாடகத்தின்மேல் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் கோபி இல்லை, இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடகக் கல்யாணங்கள் எங்கள் கல்யாணங்களுக்குள் புகுந்துவிட்டன. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு மெஹந்தி நைட் வைத்து, மஞ்சள் உடுப்புக்கென்று தனியாக ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) செலவு. மருதாணியை அம்மியில் அரைத்து வைத்த அத்தை, ஈப்போவிலிருந்து வந்த பெண்ணிடம் கையை நீட்டிக்கொண்டு, இது நம்ம பழக்கம்தானே என்றார்.

புதிதாகப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: தொடக்கத்திலிருந்து 2022 வரை பாருங்கள், அதற்குமேல் உங்கள் இஷ்டம். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் ரிமோட்டை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

முடிந்து இரண்டு வாரம் கழித்து, அந்தக் கணேஷ் வந்த நாளை இன்னொரு தடவை போடு என்றார் அத்தை. ஆயிரத்து நானூறில் எது என்று யாருக்குத் தெரியும்? அரை மணி நேரம் தேடினேன், எல்லா எபிசோடின் முகப்புப் படத்திலும் யாரோ ஒருத்தர் அதிர்ச்சியாக நிற்கிறார்.

"சரி விடு," என்றார். "புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காம், ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதை. அதப் போடு. தள்ளாமப் போடு."