ஒரே சேர்வர் என்றால் ஏபிசியு போதும்

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலம் வந்தால் விடுதிகளின் இணையத்தளங்களுக்கு மூச்சு முட்டும். வருகிற அத்தனை பேரும் கேட்பது ஒன்றைத்தான்: இந்தத் தேதியில் அறை இருக்கிறதா, என்ன விலை? ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் தளம் படுத்துவிடும். அதனால்தான் கேச்: அடிக்கடி கேட்கப்படும் பதிலை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்வது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய தளங்களுக்கு அதைச் செய்துதரும் நீட்சிதான் ஏபிசியு.

நான் கவனித்துக்கொள்ளும் விடுதித் தளம் பிஎச்பி 7.4இல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2022 நவம்பரில் நின்றுவிட்டது. 8.3க்கு மாற்ற முடிவு செய்ததும், தனி நிரலாக ஓடும் கேச்சான ரெடிஸைப் பற்றி முதலாளி ஆரம்பித்தார்: “ரெடிஸ் போட்டால்தான் வேகமாம் தம்பி, மகன் சொல்கிறான்.”

“ஐயா, நமக்கு இருப்பது 1 ஜிபி நினைவகமுள்ள ஒரே சேர்வர். டேட்டாபேஸும் அதற்குள்தான் குடியிருக்கிறது. இன்னொருவருக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?” என்றேன். மகனுக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான்.

ஏபிசியுவுக்கு முன்பிருந்த பிஎச்பி நீட்சியான பழைய ஏபிசி இரண்டு வேலை பார்த்தது: தொகுத்த நிரலை வைத்துக்கொள்வது, நாம் கொடுக்கும் தரவை வைத்துக்கொள்வது. 2013இல் பிஎச்பி 5.5உடன் சேர்ந்தே வந்த ஓபிகேச் முதல் வேலையை எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலைக்கு மட்டும் இருப்பது ஏபிசியு. ஆகவே இரண்டும் வேண்டும். ஒன்றுக்கு மற்றது மாற்று அல்ல. பழைய ஏபிசி கட்டளைப் பெயர்களைத் தாங்கிப்பிடித்த இணைப்பு நீட்சி பிஎச்பி 8இல் கிடையாது. நிரலில் பெயர்களை மாற்றியே ஆக வேண்டும். சலிப்பான வேலை, கடினமில்லை.

ஏபிசியு பிஎச்பியின் நினைவகத்திலேயே இருக்கிறது. வேறொரு நிரலுக்குத் தூது அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கூடவே வரும் நிலைப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை கேள்விக்கு கேச்சிலேயே பதில் கிடைத்தது, எத்தனை தவறியது, நினைவகம் எவ்வளவு துண்டுபட்டிருக்கிறது என்று வண்ணப்படமாகத் தெரியும். அறை விலைகளை அதில் வைத்த பிறகு தவறியவற்றின் பட்டை ஒரு கோடாகச் சுருங்கியதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

குறைகளும் உண்டு. இயல்பாகக் கிடைப்பது 32 எம்பி மட்டுமே. படங்களைத் திணிக்க நினைக்காதீர்கள். பிஎச்பியை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் காலி. எரிச்சலூட்டுவது இன்னொன்று: இரவில் கட்டளை வரியில் ஓடும் வேலை கேச்சை நிரப்பி வைத்தாலும் தளத்தின் பிஎச்பிக்கு அது கண்ணில் படாது, இரண்டுக்கும் நினைவகம் வேறு. நான் அந்த வேலையைத் தளத்தின் ஒரு முகவரியைத் தட்டி எழுப்பும்படி மாற்றி அமைத்திருக்கிறேன்.

இன்னொரு கேச் நிரலான மெம்கேச்டு 2003இலிருந்து இருக்கும் நம்பகமான கிழம். ஆனால் தனியாக ஓடவிட்டுக் கவனிக்க வேண்டும். இரண்டாவது சேர்வர் வாங்கும் நாளில் ஏபிசியு உதவாது, ஒவ்வொரு சேர்வரும் தன் கணக்கைத் தனியே வைத்துக்கொள்ளும். அன்று ரெடிஸ் பக்கம் போகலாம். 2024 மார்ச்சில் அதன் உரிமம் மாறியபோது பிரிந்த வால்கியையும் பார்க்கலாம். முதலாளி இன்னும் கூரைத் தகரம் மாற்றவே யோசித்துக்கொண்டிருக்கிறார்.