டோபமைன் அளக்க கிளாசி கார்பனா, கார்பன் பேஸ்ட்டா?

தர்மபுரியில் எங்கள் கல்லூரி லேபில் டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளை மின்வேதி முறையில் அளக்கும் வேலையைத் தொடங்கியபோது, கண்ணாடி போல வழவழப்பான கடினக் கார்பனான கிளாசி கார்பன், கார்பன் தூளை எண்ணெயில் குழைத்த கார்பன் பேஸ்ட் என்ற இரண்டு எலக்ட்ரோடுகளையும் (மின்முனைகளையும்) மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். கடைசியில் கார்பன் பேஸ்ட்டிலேயே நின்றுவிட்டேன். விலையில் அதுதான் மலிவு, அது தெரிந்ததே. என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு.

டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைந்து குவினோனாக மாறும். அது மெலனின் போன்ற படலமாக எலக்ட்ரோடின் முகத்தில் படிந்துவிடும். நாலைந்து முறை அளந்தாலே பீக் (மின்னழுத்தத்தை மாற்றும்போது வரைபடத்தில் எழும் மின்னோட்ட உச்சி) இறங்கத் தொடங்கும். அப்போது முகத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

கிளாசி கார்பன் என்றால் 1, 0.3, 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாத் தூளை வரிசையாகப் போட்டு, லைசென்ஸுக்கு எட்டு போடுவது போலத் துணியில் வட்டமிட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவ வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். அதைக் கிட்டவே கொண்டுபோக முடியாது. காய்ச்சி வடித்த நீர்தான், அதுவும் கேன் கேனாகத் தீரும். பிறகு ஃபெரிசயனைடு கரைசலில் சோதனை. மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வரும் இரண்டு பீக்குக்கும் இடைவெளி 59 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது, 100-ஐத் தாண்டினால் மறுபடி தேய்ப்பு. அரை மணி நேரம் போய்விடும்.

பேஸ்ட்டில் இந்தப் பாடே இல்லை. 1958-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஆடம்ஸ் கொண்டுவந்த முறை இது. கிராஃபைட் தூள் 70, பாரஃபின் எண்ணெய் 30 என்று எடையில் எடுத்து, கல்வத்தில் அரை மணி நேரம் அரைத்து, சிரிஞ்ச் குழாயில் காற்று இல்லாமல் அழுத்தி நிரப்புவேன். பின்னால் செம்புக் கம்பி. பீக் இறங்கினால் பின்னாலிருந்து தள்ளி, பிதுங்கி வரும் கறுப்பை வழித்துவிட்டு, வெள்ளைத் தாளில் மினுக்கும்வரை தேய்த்தால் போதும். ஒரு நிமிடத்தில் புது முகம்.

குறையும் உண்டு. ஒருவர் நிரப்பியது போல இன்னொருவர் நிரப்பியது இருக்காது, அதனால் ஒவ்வொரு புது முகத்துக்கும் அளவு தெரிந்த கரைசலை வைத்து அளவுத்திருத்தம் செய்கிறேன். அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பான் பட்டால் பேஸ்ட் கெட்டுவிடும்.

மூளைத் திசுவுக்குள் வைப்பதற்கு இந்தப் பருமனில் இரண்டுமே ஆகாது. அதற்கு வழக்கமாக 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழைதான். நான் செய்து பார்த்தது சிலவே, பாதி ஒடிந்துபோயின. அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) கலந்த மாதிரி வந்தால் மட்டும் கிளாசி கார்பனை எடுக்கிறேன். பூச்சில்லாத வெறும் முகத்தில் டோபமைன், அஸ்கார்பிக் அமிலம் இரண்டின் பீக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எதிர்மின் தன்மையுள்ள நேஃபியான் என்னும் பாலிமரைப் பூசினால், அதே எதிர்மின் தன்மையுள்ள அஸ்கார்பேட்டை (அந்த அமிலத்தின் அயனியை)த் தள்ளிவிட்டு டோபமைனை உள்ளே விடும். அந்தப் பூச்சு வழவழப்பான முகத்தில்தான் எனக்குச் சீராகப் படிகிறது.