கிளை போனில் குரல் வெட்டினால்: பிஆர்டிஜி, ஜாபிக்ஸ், ஸ்மோக்பிங், ஹோமர்

தஞ்சாவூரில் தலைமைக் கடை, மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் கிளைகள். இணையம் வழியாகப் போன் அழைப்புகளை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் சர்வர் ஒன்றைப் போட்டு எல்லாக் கிளைக்கும் எக்ஸ்டென்ஷன் (உள் போன் எண்) கொடுப்பது இன்று பெரிய காரியமில்லை. "அண்ணே, குரல் வெட்டி வெட்டி வருது" என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து சொல்லும்போதுதான் தலைவலி. திறந்து பார்த்தால் சர்வர், ரவுட்டர் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, பேச்சு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. தலைப்பில் உள்ள நான்கு கண்காணிப்புக் கருவிகளையும் இதை வைத்தே எடை போடுகிறேன்.

பிஆர்டிஜி விண்டோஸில் ஓடும். லினக்ஸ் தெரியாதவருக்கு வசதி. இலவசமாக 100 சென்சார் வரை. சென்சார் என்பது ஒரு விஷயத்தை அளக்கும் ஒரு கண்காணிப்பு. கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் 24 போர்ட் சுவிட்சில் போர்ட்டுக்கு ஒரு சென்சார் வைத்தாலே கால்வாசி போய்விடும். குரல் தரத்தை அளக்கும் சென்சாரும் உண்டு. அதில் ஒருவழித் தரத்தை அளக்க, இரண்டு முனையிலும் ப்ரோப் (அளக்கும் நிரல்) ஓட வேண்டும். கிளைக்கு ஒரு விண்டோஸ் கணினியை இதற்காகவே விடாமல் ஓட்டுவது எனக்குச் சரிப்படவில்லை.

ஜாபிக்ஸ் முழுக்க இலவசம், கற்றுக்கொள்ள நாளாகும். நம் பக்கத்துக்கு அதில் பிடித்தது ப்ராக்ஸி, அதாவது கிளையிலேயே அளந்து தலைமை ஜாபிக்ஸ் சர்வருக்கு அனுப்பும் துணை நிரல். கிளையில் ஒரு ராஸ்பெர்ரி பை எனும் சின்னக் கணினியில் அதைப் போட்டுவிட்டால், லைன் அறுந்த நேரத்திலும் அளவுகளைச் சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். ஆனால் வழக்கமான அமைப்பில் 1 மணி நேரத்துக்குத்தான் சேர்த்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரத்தில் லைன் திரும்புமா என்ன? ப்ராக்ஸி ஆஃப்லைன் பஃபர் என்ற அமைப்பை 720 மணி வரை ஏற்றலாம். முதல் வேலையாக ஏற்றுங்கள். ராஸ்பெர்ரி பைக்கும் ரவுட்டருக்கும் சின்ன யூபிஎஸ் கட்டாயம்.

ஸ்மோக்பிங் பழைய கருவி, படம்தான் அதன் பலம். ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் 20 பிங் (பதில் கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பி, பதில் நேரம் எவ்வளவு சிதறுகிறது என்பதைப் புகை மாதிரி வரையும். சாயங்காலம் 7 மணிக்குமேல் புகை தடித்தால் லைனில் நெரிசல் என்று பார்த்தவுடன் தெரியும். இணைய சேவைக்காரரிடம் வாதாட அந்தப் படமே போதும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள்: ஜி.711 என்ற வழக்கமான குரல் வடிவில் போகும் அழைப்பில் ஒரு திசைக்கு நொடிக்கு 50 பாக்கெட் (குரலின் சின்னத் துண்டு), 5 நிமிடத்துக்கு 15,000. அதில் 20 பிங் என்பது சும்மா எட்டிப் பார்ப்பதுதான். இரண்டு நொடி வெட்டு அதன் கண்ணில் படாமலே போகலாம்.

அந்த இடத்தில்தான் ஹோமர். ஒவ்வொரு அழைப்பின் சிப் செய்திகளையும் (அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பரிமாறுபவை) சேமித்து, ஏணி மாதிரிப் படமாகக் காட்டும். அழைப்பு விவரத்தின் நகலை ஹோமருக்கு அனுப்பும் ஆஸ்டரிஸ்கின் ஹெப் மாட்யூல்களை இயக்கினால் சுவிட்சில் போர்ட் மிரர் (ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) செய்யாமலே விவரம் வந்து சேரும். போன்கள் ஆர்டிசிபி எனும் குரல் தர அறிக்கை அனுப்பினால் பாக்கெட் இழப்பும் ஜிட்டரும் (பாக்கெட் வரும் நேரத்தின் தடுமாற்றம்) அழைப்பு வாரியாகக் கிடைக்கும். ஒருபக்கம் மட்டும் குரல் கேட்கும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கிளையிலிருந்து வரும் இன்வைட் (அழைப்பைத் தொடங்கும்) செய்தியைத் திறந்து, குரலை அனுப்பச் சொல்லும் முகவரியைப் பாருங்கள். அங்கே 192.168 என்று ஆரம்பித்தால், வெளியிலிருந்து போய்ச் சேர முடியாத முகவரியைப் போன் கொடுத்திருக்கிறது என்று பொருள். பிங் படம் எத்தனை நாள் பார்த்தாலும் இது தெரியாது. ஒரே சர்வர்தான் என்றால் டெர்மினலில் ஓடி சிப் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப்பே போதும், ஆனால் அது ஓடும்போது நடப்பதை மட்டும் காட்டும். நேற்றைய அழைப்பைத் தேட ஹோமர்தான் வேண்டும்.

என் தேர்வு ஸ்மோக்பிங்கும் ஹோமரும். கிளை ஐந்தைத் தாண்டினால் ஜாபிக்ஸும். எச்சரிக்கை எல்லையாக ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடி, ஜிட்டர் 30 மில்லிநொடி, இழப்பு 1 சதவீதம் என்று வையுங்கள். ஸ்மோக்பிங் கடையிலேயே இருக்கட்டும். கடைக்கும் கிளைக்கும் நடுவில் உள்ள வழியைத்தானே அளக்க வேண்டும். கிளைக்குப் பொது ஐபி (வெளி இணையத்திலிருந்து எட்டக்கூடிய முகவரி) இல்லாவிட்டால் வயர்கார்ட் எனும் விபிஎன் டனல் வழியாகப் பிங் செய்யலாம். ஜாபிக்ஸ் சர்வரை மட்டும் சென்னையிலோ மும்பையிலோ உள்ள வாடகை சர்வரில் வையுங்கள். தஞ்சாவூரில் கரண்ட் போனால் அந்தச் செய்தியைச் சொல்ல யாராவது விழித்திருக்க வேண்டுமே. ஹோமரில் யார் யாருக்குப் பேசினார்கள் என்ற விவரம் முழுதும் கிடக்கும், அதன் பக்கத்தை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.