நார்மன் லியரின் 'ஆல் இன் தி ஃபேமிலி' டிவிடி பெட்டி: முதலில் பைலட்டுகளைப் பாருங்கள்

டர்பனில் கோயில் விழாவுக்கும் பொங்கலுக்கும் நகைச்சுவை நாடகம் எழுதுகிறவர்கள் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரின் இந்தப் பெட்டியை எப்படியாவது வாங்கிவிடுங்கள். 28 டிஸ்க், 9 சீசன், 200க்கும் மேற்பட்ட எபிசோடுகள். ஆனால் நான் வாங்கச் சொல்வது, ஒளிபரப்பாகாமல் போன இரண்டு பைலட்டுகளும் (தொடரை விற்பதற்காக முதலில் எடுக்கும் சோதனை எபிசோடுகள்) இதில் இருப்பதால்தான்.

தொடரை எழுதித் தயாரித்த லியர் 1968இல் ஏபிசி என்ற அமெரிக்க டிவி நிறுவனத்துக்கு ஒரு பைலட் எடுத்தார், வேண்டாம் என்றார்கள். 1969இல் மறுபடியும் எடுத்தார், அதுவும் வேண்டாம். அப்புறம் இன்னொரு டிவி நிறுவனமான சிபிஎஸ் வாங்கி 1971 ஜனவரி 12 அன்று முதல் எபிசோடைப் போட்டது. மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கதை ஏறக்குறைய ஒன்றுதான், வசனம்கூடப் பெரும்பாலும் அதேதான். இனவெறி பிடித்த குடும்பத் தலைவர் ஆர்ச்சியாக காரல் ஓ'கானர், மனைவி ஈடித்தாக ஜீன் ஸ்டேப்பிள்டன், மூன்றிலும் இவர்களே. மகளும் மருமகனும்தான் ஒவ்வொரு தடவையும் வேறு ஆட்கள். முதல் இரண்டில் ஆர்ச்சி கத்தும்போது எதிரே ஈடுகொடுக்க ஆள் இல்லை. ராப் ரைனர் மருமகனாக வந்ததும் அதே வரிக்குச் சிரிப்பு தானாக வருகிறது. எழுத்தில் கோளாறு இல்லை என்று நம்பி மூன்றாவது தடவையும் அதையே எடுக்க, எழுதியவர் கையிலேயே தயாரிப்பும் இருக்க வேண்டும். முதல் எபிசோடில் ஒரு வசனத்தை வெட்டச் சொன்னபோதும், வெட்டினால் விலகிவிடுவேன் என்றார் லியர், வசனம் நின்றது.

நாடகம் போடுபவர்கள் கவனிக்க இன்னொன்று. பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்த தொடர் இது. ஓ'கானர் சுருட்டைக் கையில் பிடித்தபடி, சிரிப்பு அடங்கும்வரை முகத்தை மாற்றாமல் காத்திருந்துவிட்டு அடுத்த வரியை விடுவார். நம் மேடையில் பாதி ஜோக்குகள் வீணாவது இந்தக் காத்திருப்பு தெரியாமல்தான்.

அமெரிக்காவில் இது தொடங்கியபோது நம் தென்னாப்பிரிக்காவில் டிவியே கிடையாது, 1976 ஜனவரியில்தான் வந்தது. பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கலாம் என்று நிறவெறி அரசு சட்டம் போட்டு, நம் பெரியவர்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய காலம் அது. கறுப்பினக் குடும்பமான ஜெஃபர்சன்கள் பக்கத்து வீட்டை வாங்குகிறார்கள் என்றதும் ஆர்ச்சி பதறுகிற எபிசோடை அம்மாவோடு பார்த்தேன். அம்மா சிரித்தார், ஆர்ச்சியை நன்றாகத் திட்டினார், அப்புறம் அடுத்ததைப் போடச் சொன்னார்.

வாங்கும் முன் ஒன்று: டிஸ்குகள் எல்லாம் ரீஜியன் 1 (அமெரிக்கப் பகுதிக்கான குறியீடு), இங்கே கிடைக்கும் பிளேயர்கள் ரீஜியன் 2, அதனால் அவற்றில் ஓடாது. எனக்கு விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வீடியோ டேப்பில் எடுத்தது என்பதால் பெரிய டிவியில் படம் கொஞ்சம் மங்கல்தான். ரைனரும் மகளாக நடித்த சாலி ஸ்ட்ரதர்ஸும் 8ஆம் சீசனோடு போய்விட்டார்கள், 9ஆம் சீசன் டிஸ்குகளை இன்னொரு தடவை போடுவேன் என்று தோன்றவில்லை.