வழிகாட்டி நாயோடு வருகிறோம் என்றால் “பிரச்சினை இல்லை” என்பார்கள், நம்பி அட்வான்ஸ் கட்டாதீர்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் குடும்ப விருந்துக்கு ரெஸ்டோரண்ட் பதிவு செய்யப் போகிறவர்கள், அதிலும் பார்வையில்லாத ஒருவரை அவருடைய நாயோடு கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைக் கொஞ்சம் வாசியுங்கள். எங்களிடம் 25,000 ரூபா முற்பணம் வாங்கிவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். காசும் வரவில்லை.

பெரியம்மாவின் மகள் லண்டனில் இருக்கிறார். பார்வை முழுதாகப் போய்க் கனகாலம். ரூபி என்ற கறுப்பு லாப்ரடோர்தான் அவருக்கு வழிகாட்டி. அந்த நாயை இங்கே கொண்டுவர அக்கா பட்ட பாட்டைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி, மைக்ரோசிப், விசர்நோய்த் தடுப்பூசிப் பத்திரம் என்று ஒரு கட்டு. திரும்பப் போகும்போது பிரித்தானியாவுக்குள் விடுவதற்கு இரத்தப் பரிசோதனை வேறு. அதை அங்கிருந்து புறப்பட முன்பே செய்துவிட்டார், இங்கே வந்து செய்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் சரியென்று விட்ட நாயை மறித்தவர் ஒரு புரியாணிக் கடை மனேஜர்.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குத்தான் மேசை பதிவு செய்தோம். முந்தைய நாளே மனேஜரோடு போனில் கதைத்து, “ஒருவருக்குக் கண் தெரியாது, வழிகாட்டி நாய் கூடவே வரும், மேசைக்குக் கீழே படுத்திருக்கும்” என்று விளக்கினேன். “பிரச்சினை இல்லை மிஸ், வாங்கோ” என்றார். வட்சப்பிலும் அதையே எழுதிக் கேட்டேன். “ஓகே, நோ ப்ரொப்ளம்” என்று பதில் வந்த பிறகுதான் காசை வங்கியில் போட்டேன்.

மறுநாள் பின்னேரம் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மறித்தார். அவரில் எனக்குக் கோபமில்லை, மேலே இருப்பவர் சொன்னதைத்தான் செய்தார், அக்காவுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டதும் அவர்தான். மனேஜர் வந்து, “நாய் ஏலாது, பிஎச்ஐ வந்தால் லைசன்ஸ் போயிடும்” என்றார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எந்த விதி என்று கேட்டோம், பதில் இல்லை. “நாயைக் காரில விடுங்கோ” என்றார். கொழும்பு வெக்கையில் பூட்டிய காருக்குள் நாயை விடச் சொல்கிற ஆளோடு எதைக் கதைப்பது? “அவவை நாங்க கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறம்” என்பது அடுத்த யோசனை. அக்கா அமைதியாகத்தான் சொன்னார்: “தம்பி, நான் சாப்பிட வந்தனான். தூக்கிக்கொண்டு போறதுக்கு நான் சாமான் இல்லை.”

இதெல்லாம் நடந்து முடியும்வரை ரூபி ஹார்னஸோடு அக்காவின் காலடியில் படுத்திருந்தது. ரோட்டில் தெருநாய்கள் இரண்டு குரைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகுதான் உண்மையான முகம் வெளியே வந்தது. மேல்மாடியில் தனி அறை இருக்காம், 15,000 ரூபா கூடக் கொடுத்தால் நாயையும் விடலாமாம். அதே கட்டடம், அதே குசினி, அதே லைசன்ஸ்தான். வருவார் என்று பயம் காட்டிய பிஎச்ஐ 15,000 ரூபா கொடுத்த பிறகு எப்படி வராமல் போவார்? சுகாதாரம் என்று சொன்னதெல்லாம் விலை கூட்டத்தான் என்று அங்கேயே விளங்கிவிட்டது. மறுத்தோம். “அப்ப கான்சல் பண்ணினது நீங்கள்தான், அட்வான்ஸ் திரும்பக் கிடையாது” என்றார்.

அதோடு விடவில்லை. போகும்போது ஒரு நம்பர் எழுதித் தந்தார். அந்த ஆள் 18,000 ரூபாவுக்கு “சேர்விஸ் டோக் ரெஜிஸ்ட்ரேஷன் கார்ட்” என்று உதவி நாய்க்கான பதிவு அட்டை ஒன்று செய்து கொடுப்பாராம், அதைக் காட்டினால் எங்கும் விடுவார்களாம். என்னதான் சொல்கிறார் என்று பார்க்க எடுத்துக் கேட்டேன். நாயைப் பார்க்க வேண்டாம், பயிற்சி பற்றி ஒரு கேள்வியும் இல்லை, போட்டோவும் காசும் அனுப்பினால் போதும் என்றார். தயவுசெய்து யாரும் இதில் விழாதீர்கள். உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிவது 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிற வேறு விஷயம். இந்தக் கார்ட் வெறும் லமினேட் செய்த கடதாசி. இந்த வியாபாரம் இணையத்தில் அமெரிக்காவிலும் நடக்கிறது, ஆனால் அங்கே சட்டப்படி கடைக்காரர் கார்ட் கேட்கவே முடியாது. மாற்றுத்திறன் காரணமாக இந்த நாய் தேவையா, என்ன வேலைக்குப் பயிற்றப்பட்டது என்று இரண்டு கேள்விதான் கேட்கலாம். வேறு வாடிக்கையாளருக்குப் பயம், அலர்ஜி என்றும் மறிக்க முடியாது. நாய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், உள்ளே அசுத்தம் செய்தால் வெளியே அனுப்பலாம். அது நியாயம்தான்.

இங்கே நிலைமை என்ன என்று தேடிப் பார்த்தேன். நம் அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடை, ரெஸ்டோரண்ட், ஹோட்டல் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற அந்தப் பட்டியலில் மாற்றுத்திறன் இல்லை. கைகொடுப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பொதுமக்கள் போகக்கூடிய எந்தக் கட்டடத்திலும் இடத்திலும், கட்டணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்றுத்திறன் காரணமாக ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 24ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். நாயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது, மனேஜர்மார் நுழைந்து தப்புவதும் அந்த இடைவெளியால்தான். ஆனாலும் அக்காவின் வழிகாட்டியை வெளியே நிறுத்திவிட்டு அக்காவை மட்டும் வா என்பது நிபந்தனை இல்லாமல் வேறென்ன?

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போங்கோ என்று பலர் சொன்னார்கள். அது அரச நிர்வாகத்தின் செயல்களை விசாரிக்கிற இடம், தனியார் ரெஸ்டோரண்டுக்கு உதவாது. வீணாக அலையாதீர்கள். அட்வான்ஸ் காசுக்குப் போகவேண்டியது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன்.

எழுத்தில் என்றதும் ஞாபகம் வருகிறது: எங்களைத் திருப்பி அனுப்பிய அன்று இரவே மனேஜரின் “ஓகே” மெசேஜ் என் போனில் அழிக்கப்பட்டிருந்தது. “இந்த மெசேஜ் நீக்கப்பட்டது” என்ற வரிதான் மிச்சம். அதை அக்காவுக்கு ஏற்கெனவே போர்வர்ட் பண்ணியிருந்ததால் அங்கே அப்படியே இருந்தது, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்திருந்தேன். ஆகவே “நோ ப்ரொப்ளம்” என்ற பதிலோடு நிற்காதீர்கள். வழிகாட்டி நாய் அதே மண்டபத்துக்குள் வரும், மேலதிகக் கட்டணம் இல்லை, மறுத்தால் முழு முற்பணமும் திரும்பும் என்று மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். அன்று நாங்கள் கடைசியில் சாப்பிட்ட சின்னச் சைவக் கடையில் ஒரு கதிரையை நகர்த்தி ரூபிக்கு இடம் விட்டார்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

விசாரணை நடப்பதால் ரெஸ்டோரண்டின் பெயரை இங்கே போடவில்லை. இதேபோல நாய் விஷயத்தில் அட்வான்ஸைப் பறிகொடுத்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், உங்கள் முறைப்பாட்டையும் எழுதிக்கொடுக்க உதவுகிறேன்.