வேன் ஓட்டுபவனுக்குப் பொருந்திய அலர்ஜி மாத்திரை

பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் வண்டி துடைக்கும் துணியை உதறினாலே அடுக்குத் தும்மல், மூக்கில் நீர். முன்பு செட்ரிசின் போட்டால் தும்மல் நிற்கும். ஆனால் சிக்னலில் கண் செருகும். பின்னால் பதினான்கு குழந்தைகள்! பதறிப்போய் மருத்துவரிடம் சொன்னேன். ஃபெக்ஸோஃபெனடின் 120 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்.

முதல் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபடி போட்டுப் பார்த்தேன். தூக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கிய நாட்களில் தும்மல் திரும்பிவிட்டது. பழச்சாறு இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்; தண்ணீர்தான் சரி. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். செட்ரிசினைவிட விலை கூடுதல்தான். மனமாரக் கொடுக்கிறேன்.